உள்நுழைவா, புகுபதிகையா?

ஒருங்கிணைப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பிட்ஜின் அரட்டைச் செயலியின் (2007 வரை கெய்ம் என்று அழைத்தோமே, அதுதான்) தமிழாக்கக் கோப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். கணக்கு திறக்காதபோது வரும் செய்திகள் மட்டும் பாக்கி. ஒரே கோப்பில் 'உள்நுழைய இயலவில்லை', 'புகுபதிகை தோல்வி', 'லாகின் பிழை' என மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புகுபதிகையே தகும். தமிழ் விக்கிப்பீடியாவில் பயன்படுத்திப் பழகிய சொல். புகுந்த, புகுகின்ற, புகும் பதிகை என விரியும் வினைத்தொகை; ஊறுகாயில் வல்லினம் மிகாதது போல இங்கும் மிகாது. கோப்பில் நான்கு இடத்தில் 'புகுப்பதிகை' கண்டேன், மனம் நொந்தது. உள்நுழைவு நன்னூல்படி உண்ணுழைவு என்றல்லவா ஆக வேண்டும்? அது கிடக்கட்டும், வெளியே யாராவது நுழைவார்களா? 'புகு' அப்படியன்று. ஆறு கடலில் புகும் இடம் புகார். அந்த வேரைப் பிடித்துக்கொண்டே போனால்...

கோவை, நிரலாளர்:

போக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். உண்ணுழைவு என்று பொத்தானில் போட்டால் சாப்பாட்டுக்கூடம் என்று நினைப்பார்கள். கணக்கு திறக்காதவர் நம்மிடம் தருவதும் புகார்தான், ஆனால் அது இந்துஸ்தானியிலிருந்து வந்த வேறு சொல். 'பதிகை'க்கு ஒரு நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசிய கட்டைதான் லாகினில் உள்ள 'லாக்', அந்த அளவை எழுதிய ஏட்டுக்கும் அதே பெயர் வந்தது. ஆனால் பொத்தானில் இடம் குறைவு.

திருச்சி, கணினி ஆசிரியை:

கட்டையும் கயிறும் இருக்கட்டும். சென்ற வாரம் ஆய்வகத்தில் ஒரு கணினியில் மட்டும் கணக்கு திறக்கவில்லை. மாணவி கடவுச்சொல்லை ஏழெட்டு முறை அடித்தாள், பிறகு புதிய கணக்கே தொடங்கப் போய்விட்டாள். திரையின் மூலையைப் பார்த்தேன்: ஆண்டு 2002. உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. சேவையகம் தன் அடையாளத்துக்குக் காட்டும், குறித்த காலத்துக்கு மட்டும் செல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தக் கணினியின் கணக்குப்படி இன்னும் பிறக்கவே இல்லை! தேதியைத் திருத்தியதும் திறந்துகொண்டது. 'புகுபதிகை தோல்வி' என்ற செய்தி அவளுக்கு என்ன சொன்னது? 'கணினியின் தேதியைச் சரிபார்க்கவும்' என்ற ஒரு வரி போதுமே.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆகா, அம்மா, இது கால வழு! திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழு வழுவில் ஒன்று. 'நாளை வந்தான்' என்பதற்கும் உங்கள் கணினிக்கும் வேறுபாடே இல்லை. அப்படியானால் 'பிழை'யை எல்லா இடத்திலும் 'வழு' என்று மாற்றிவிடலாமே?

கோவை, நிரலாளர்:

வேண்டாம் ஐயா. 'கால வழு' என்று படித்த பையன் கடிகாரத்தையா பார்ப்பான்? ஜோசியரைத் தேடிப் போவான்.

ஒருங்கிணைப்பாளர்:

உள்நுழைவுக்கு மூவர், புகுபதிகைக்கு ஒருவர். லாகின் என்று எழுதியவர் வாயே திறக்கவில்லை. பொத்தானில் 'உள்நுழை', செய்திகளில் 'உள்நுழைய இயலவில்லை'. ஆசிரியை சொன்ன தேதி வரியைச் சான்றிதழ்ச் செய்தியில் சேர்க்கிறேன். 'வெளியேறு' பழையபடியே. இன்றிரவு அனுப்புகிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அனுப்புங்கள். என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 'வெளியேறு' வாடகை தராதவனைத் துரத்துவது போல் இருக்கிறது. விடுபதிகை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.