பித்தப்பை ஒப்பரேஷன்: தொண்டைக்குள் ரியூப்பா, மாஸ்க்கா?

ஆரையம்பதி மகள்:
அம்மாவுக்கு அடுத்த கிழமை பித்தப்பைக் கல்லுக்கு லப்பரஸ்கோப்பி, சிறு துளை போட்டுச் செய்யும் கீஹோல் ஒப்பரேஷன். முன்பு கை முறிவுக்கு மயக்கம் கொடுத்து மூச்சுக்கு ரியூப் போட்டதில் மூன்று நாள் சோறு விழுங்க முடியாமல் கஞ்சிதான் குடித்தார். தம்பியின் கால் ஒப்பரேஷனுக்குத் தொண்டைக்குள் வைக்கும் எல்.எம்.ஏ என்ற மாஸ்க்தான் போட்டார்களாம், நோவே இல்லை. அதைக் கேட்கலாமா?

கல்முனை தியேட்டர் நர்ஸ்:
தங்கச்சி, காலும் வயிறும் ஒன்றல்ல. கீஹோலுக்கு வயிற்றுக்குள் கரியமில வாயு நிரப்புவார்கள், 12 முதல் 15 மில்லிமீற்றர் பாதரச அழுத்தத்தில். அது உதரவிதானத்தை மேலே தள்ளும், அப்போது நுரையீரலுக்குக் காற்றைக் கூடுதலாக அழுத்திச் செலுத்த வேண்டும். சாதாரண எல்.எம்.ஏ குரல்வளைக்கு மேலே இருப்பது. அழுத்தம் கூடினால் கசியும், காற்று இரைப்பைக்கும் போகும். ரியூப் மூச்சுக்குழாய்க்குள் போய் பலூனால் அடைத்துக்கொள்ளும்.

புரோசீல், ஐ-ஜெல் போன்ற புதிய வகை மாஸ்க்குகளில் இரைப்பை நீரை வெளியேற்றத் தனிவழி உண்டு. ஐ-ஜெல்லுக்குப் பலூனே இல்லை. தகுந்த ஆளுக்குக் கீஹோலிலும் போடுகிறார்கள், தொண்டை நோவும் குறைவு. அம்மாவுக்கு நெஞ்செரிவு உண்டா?

ஆரையம்பதி மகள்:
உண்டு. சீனி வருத்தமும் பதினைந்து வருடமாக.

கல்முனை தியேட்டர் நர்ஸ்:
அப்போ பெரும்பாலும் ரியூப்தான். நீண்டகாலம் சீனி இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகலாம், மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. முடிவு மயக்க டொக்டருடையது.

அக்கரைப்பற்று வாசகர்:
பழைய தொண்டை நோவையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சற்றுச் சிறிய ரியூப் போட்டு, பலூன் அழுத்தத்தை அளந்து பார்த்தால் நோவு குறையும்.

ஆரையம்பதி மகள்:
சரி அக்கா. அம்மா மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்துவிட்டார், நான் நெஞ்செரிவுக் கதையைக் கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு போகிறேன்.