விவாதம்: போனில் குறை வந்தால் கம்பெனி பேர் உண்மையிலேயே கெடுகிறதா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

நேத்து ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ஒரு வாக்குவாதம். கூட வேலை செய்யற தம்பி ஒருத்தர், "ஒரு மாடல்ல பெரிய குறை வந்துட்டா அந்தக் கம்பெனி அவ்வளவுதான், ஜனங்க திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க"ன்னார். நான் ஒத்துக்கல. ஏன்னு இங்க எழுதுறேன். மறுப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க.

சாம்சங் நோட் 7ஐ எடுத்துக்கங்க. 2016 ஆகஸ்ட் 19ல விற்பனைக்கு வந்தது. ரெண்டே வாரத்துல, செப்டம்பர் 2ஆம் தேதி, 25 லட்சம் போனைத் திரும்ப வாங்கிக்கறோம்னு அறிவிக்க வேண்டிய நிலைமை. பேட்டரி தீப்பிடிக்குது. சரி, மாத்திக் கொடுத்தாங்க. அந்த மாத்திக் கொடுத்த போனும் புகைஞ்சது. அக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவுல லூயிவில்ல இருந்து பால்டிமோர் கிளம்ப இருந்த சவுத்வெஸ்ட் விமானத்துக்குள்ள புகை வந்து, பயணிகளை எல்லாம் கீழ இறக்கினாங்க. அக்டோபர் 11ஆம் தேதி உற்பத்தியே நின்னுபோச்சு. இங்க அந்த மாடல் கடைக்கே வரல, ஆனாலும் நம்ம விமானங்கள்ல பேரைச் சொல்லி "அணைச்சு வைங்க"ன்னு அறிவிச்சாங்க. ஒரு பொருளுக்கு இதைவிடக் கெட்ட பேர் வரமுடியுமா?

அடுத்த வருஷம் ஏப்ரல்ல எஸ்8 வந்தது, செப்டம்பர்ல நோட் 8 வந்தது, ஜனங்க வாங்கினாங்க. 2017ல சாம்சங் எலெக்ட்ரானிக்ஸோட இயக்க லாபம் 53 லட்சம் கோடி வொன்னுக்கு (கொரியப் பணம்) மேல. அதுவரைக்கும் அவங்க பார்க்காத உச்சம். கையில தீப்பிடிச்ச போனையே மறந்துட்டாங்கன்னா, வேற எந்தக் குறை ஒரு கம்பெனியைக் கவிழ்க்கும்?

கற்பகம்_திருப்பூர்:

வைகைக்கரை சார், அந்த லாபக் கணக்கை மட்டும் திருத்தறேன். 2017 லாபத்துல பெரும்பங்கு மெமரி சிப் வியாபாரத்துல வந்தது. போனை ஜனங்க மன்னிச்சாங்களா இல்லையான்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

நான் பனியன் கம்பெனியில தரக் கட்டுப்பாட்டுல இருக்கேன். ஒரு லாட்ல குறைன்னு பையர் திருப்பி அனுப்பினா, எங்களுக்கு முதல் கேள்வி "இது எங்க நடந்தது, இன்னொரு தடவை நடக்குமா"ங்கறதுதான். அந்தக் கண்ணால பார்த்தா நோட் 7ல நடந்தது பயங்கரம். 2017 ஜனவரி 23ல அவங்களே மேடையேறி விளக்கினாங்க. 700 பேர், 2 லட்சம் போன், 30,000 பேட்டரி வெச்சு சோதிச்சோம்னு சொன்னாங்க. முதல் சப்ளையரோட பேட்டரியில, வலது மேல் மூலையில நெகட்டிவ் தகடு மடங்கியிருக்கு. மாத்திக் கொடுத்த போன்ல இருந்தது ரெண்டாவது சப்ளையரோட பேட்டரி. அதுல வேற கோளாறு. வெல்டிங்ல பிசிறு நீட்டிக்கிட்டு நடுத் தடுப்பைக் குத்தியிருக்கு, சிலதுல இன்சுலேஷன் டேப்பே ஒட்டல. டேப் ஒட்டாம ஒரு பீஸ் லைனைத் தாண்டிப் போச்சுன்னா அங்க அவசரம் எவ்வளவு இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஷிப்மென்ட் தேதி நெருங்கறப்ப எங்க ஃபுளோர்லயும் அந்த அவசரத்தைப் பார்த்திருக்கேன்.

ஆனா எப்படித் தப்பு நடந்ததுன்னு காரணத்தோட ஊரறியச் சொன்னாங்க. அந்த ஒரு கூட்டம் இல்லாம எஸ்8 வித்திருக்கும்னு நான் நம்பல. ஜனங்க மறந்துடலை, பதில் கிடைச்சதால திரும்ப வந்தாங்க.

எண்திசை:

சகோதரி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் "பதில் சொன்னால் போதும்" என்பது எல்லா இடத்திலும் நிற்கவில்லை.

2010இல் ஐபோன் 4 வந்தபோது, கீழ் இடது மூலையைப் பிடித்தால் சிக்னல் விழுந்தது. ஆப்பிள் முதலில் சொன்ன பதில், பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஜூலை 16ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, எல்லா போனிலும் இது உண்டு என்றார், இலவசமாக உறை தருகிறோம் என்றார். அதற்குள் மூன்று வாரத்தில் 30 லட்சம் போன் விற்றிருந்தது. விற்பனை நிற்கவே இல்லை. அந்தப் பதிலை யாரும் பணிவான பதில் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, பதிலின் தரம் மட்டுமே தீர்மானிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. அந்த போன் மற்ற எல்லா வகையிலும் நன்றாக இருந்தது, வாங்கியவர்கள் அதை விட மனமில்லாமல் இருந்தார்கள். நானும் அப்போது முதல் ஆப்பிள்தான் வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை:

நன்றி எண்திசை. இதைத்தான் நானும் சொல்றேன். பொருள் நல்லா இருந்தா ஒரு குறையை ஜனங்க பொறுத்துப்பாங்க.

பழுதுமேசை:

நான் போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், பதினாலு வருஷமா. நீங்க எல்லாரும் பேசுறது டிவியில வந்த குறை. என் மேசைக்கு வர்றது டிவியில வராத குறை. பேரைக் கெடுக்கறது அதுதான் சார்.

தீப்பிடிச்சா கம்பெனி ஓடி வரும். வேற வழியில்ல, அரசாங்கம் விடாது, விமானக் கம்பெனி விடாது. ஆனா வாரன்டி முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில டிஸ்ப்ளேல மேல இருந்து கீழ ஒரு பச்சைக்கோடு விழுந்தா யார் ஓடி வருவா? கீழ விழல, தண்ணி படல. அப்டேட் போட்டேன், ராத்திரி நல்லா இருந்தது, விடிஞ்சு பார்த்தா கோடு. இதே வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். பேனல் ஓரத்துல ஃபிளெக்ஸ், அதாவது டிஸ்ப்ளேயை போர்டோட இணைக்கற மெல்லிசான பட்டை, ஒட்டின இடம் சூட்டுல விட்டுப்போகுதுன்னுதான் என் கணிப்பு. அதைச் சரிபண்ண முடியாது, டிஸ்ப்ளேயே மாத்தணும். நாற்பதாயிரம் போட்டு வாங்கின போனுக்கு டிஸ்ப்ளே மட்டும் பதினஞ்சாயிரம்னு நான் சொல்றப்ப அவங்க முகத்தைப் பார்க்கணும் நீங்க.

எந்தக் கம்பெனின்னு எழுத மாட்டேன், அதுக்கு அவசியமில்ல. போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அப்பா தவணையில வாங்கிக் கொடுத்த போன், தவணை இன்னும் ரெண்டு பாக்கி. சர்வீஸ் சென்டர்ல "வாரன்டி முடிஞ்சுது"ன்னு ஒரு வரியில அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் கோபப்படல. கோட்டோடவே எட்டு மாசம் வெச்சிருந்தான். வகுப்புல, பஸ்ல, எங்க எடுத்தாலும் பக்கத்துல இருக்கறவன் பார்ப்பான், "என்னடா கோடு?"ன்னு கேட்பான். அவன் கம்பெனி பேரைச் சொல்வான். ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பான்னு கணக்குப் போடுங்க.

வைகைக்கரை:

அண்ணே, வருத்தமான விஷயம்தான். ஆனா ஒரு கேள்வி. அந்தப் பையன் மாதிரி ஆட்கள் அடுத்த போனும் அதே கம்பெனியில வாங்கறதை நானே பார்த்திருக்கேன். புலம்பறது வேற, விட்டுட்டுப் போறது வேற. நம்ம ஊர்ல விலைதான் தீர்மானிக்குது. 2017 கடைசியில இந்தியாவுல சாம்சங்கை ஷியோமி தாண்டினது நோட் 7ஆலயா? இல்லையே. பத்தாயிரம் ரூபாய்க்கு நல்ல போன் கொடுத்தாங்க, அதனால.

கற்பகம்_திருப்பூர்:

விலை முக்கியம்தான், மறுக்கல. ஆனா சீனாவுல நடந்ததைப் பாருங்க சார். நோட் 7 முதல் தடவை திரும்ப வாங்கினப்ப சீனாவைச் சேர்க்கல. அங்க வித்த போன்ல இருந்தது ரெண்டாவது சப்ளையரோட பேட்டரி, அதனால பயமில்லன்னு சொன்னாங்க. அங்க இருந்த அரசு ஊடகமே "எங்களுக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமா"ன்னு கேட்டது. கடைசியில அந்தப் பேட்டரியும் கோளாறுன்னு ஆகி, அக்டோபர்ல அங்க 1,90,984 போனையும் திரும்ப வாங்கினாங்க. 2013ல அஞ்சுல ஒரு பங்கு சந்தை வெச்சிருந்த சாம்சங், 2018ல நூத்துல ஒண்ணுக்கும் கீழ. 2019ல அங்க இருந்த கடைசி போன் தொழிற்சாலையையும் மூடிட்டாங்க.

எண்திசை:

முழுப் பழியும் நோட் 7 மேல் விழாது, சகோதரி. 2014 முதலே ஷியோமியும் ஹுவாவேயும் அங்கே சாம்சங்கைத் தள்ளத் தொடங்கிவிட்டன. 2017இல் கொரியாவோடு அரசியல் பிணக்கு வேறு.

கற்பகம்_திருப்பூர்:

ஆமா, ஏற்கனவே சரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. மத்த நாட்டுல நிமிர்ந்தவங்க அங்க நிமிரலைங்கறதைத்தான் சொல்றேன். ஒரே குறை, ஒரே வருஷம். எங்களை ரெண்டாம்பட்சமா நடத்தினாங்கன்னு தோணின இடத்துல மட்டும் மன்னிப்பு கிடைக்கல. எங்க தொழில்லயும் இதேதான். குறை வந்த லாட்டை மறைக்காம சொன்னா பையர் திட்டிட்டு அடுத்த ஆர்டர் கொடுப்பார். இன்னொரு பையருக்கு நல்ல பீஸ் போய், தனக்கு மட்டும் இரண்டாந்தரம் வந்ததுன்னு தெரிஞ்சா, அத்தோட முடிஞ்சுது.

எண்திசை:

அது நியாயம். என் பக்கமும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பழைய பேட்டரி உள்ள ஐபோன் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க ஆப்பிள் மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்தது, அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பயனர்கள் தாங்களே சோதித்துக் கண்டுபிடித்த பிறகு, 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. நான் கோபமாகத்தான் இருந்தேன். வேகம் குறைந்ததைவிட என்னிடம் கேட்காமல் குறைத்தது என்னை உறுத்தியது. இருந்தும் ஆப்பிளிலேயே இருக்கிறேன். பத்து வருடப் படங்கள், குறிப்புகள், குடும்பத்தில் எல்லோரும் அதே கணக்கில். இதை விசுவாசம் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. வெளியேற முடியாமல் இருக்கிறேன் என்பதே சரி.

இன்னொன்று: பேட்டரி மாற்றிய பலர் புது போன் வாங்கவில்லை. 2019 ஜனவரியில் விற்பனைக் கணிப்பைக் குறைத்து, அப்போது ஆப்பிள் தலைவராக இருந்த டிம் குக் எழுதிய கடிதத்திலேயே, மலிவாகப் பேட்டரி மாற்றியதும் ஒரு காரணம் என்று இருக்கிறது.

பழுதுமேசை:

எண்திசை சார் சொன்ன "வெளியேற முடியாமல்" என்ற வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். ஆண்ட்ராய்டுல அந்தக் கயிறு ரொம்ப மெலிசு. ஒரு கம்பெனியில இருந்து இன்னொண்ணுக்குப் போறது அரை மணி நேர வேலை. என் கடையில டீ குடிக்கற நேரத்துல மாத்திக் கொடுத்துடுவேன்.

வைகைக்கரை சார், நீங்க எல்ஜியை விட்டுட்டீங்க. 2015ல வந்த ஜி4. போர்டுல பாகங்கள் சரியாப் பிடிக்காம, ஆன் பண்ணா லோகோ வரும், அணையும், திரும்ப லோகோ. 2016 ஜனவரியில கம்பெனியே ஒத்துக்கிட்டது. அப்புறம் அமெரிக்காவுல போட்ட வழக்குல இன்னும் பல மாடல் சேர்ந்தது. 2018ல சமரசம். 425 டாலர் ரொக்கமா வாங்கிக்கலாம், இல்ல அடுத்த எல்ஜி போன் வாங்க 700 டாலர் தள்ளுபடி. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? 2021 ஏப்ரல்ல போன் தொழிலை விட்டே போறோம்னு அறிவிச்சுட்டாங்க. யாருக்கும் தீப்பிடிக்கல, யாரையும் விமானத்துல இருந்து இறக்கல.

வைகைக்கரை:

எல்ஜி விழுந்ததுக்கு அது ஒண்ணு மட்டும் காரணம் இல்லண்ணே. ஜி5ல பாகம் பாகமா மாட்டற டிசைன் போட்டு யாரும் சீண்டல. சீனப் போன்களோட விலையில நிக்க முடியல. குறையே இல்லன்னாலும் அவங்க போயிருப்பாங்க.

பழுதுமேசை:

போயிருக்கலாம். ஆனா போறப்ப "ஐயோ"ன்னு பிடிச்சு நிறுத்த ஆள் இல்லையே. அதைத்தான் சொல்றேன்.

தேரடித்தெரு:

நான் கடையில போன் விக்கறவன், ரொம்ப நாளா இந்த இழையைப் படிச்சிட்டிருக்கேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லல. பேர் கெடறது வாங்கறவர்கிட்ட மட்டும் இல்ல, விக்கறவர்கிட்டயும்தான். 2023ல ஒன்பிளஸ், இந்தியாவுல 8 ப்ரோ, 8டி, 9, 9ஆர் மாடல்ல கோடு விழுந்தா ஆயுசு முழுக்க டிஸ்ப்ளே வாரன்டின்னு சொன்னது. அது நல்ல காரியம், மனசாரச் சொல்றேன். அப்படி இருந்தும் 2024 மே 1ல இருந்து அவங்க பொருளை விக்க மாட்டோம்னு தென்னிந்திய சில்லறை விற்பனையாளர் சங்கம் கடிதம் எழுதினது. சுமார் 4,500 கடை. லாபம் குறைவுங்கறது ஒரு காரணம், வாரன்டி க்ளெய்ம் இழுத்தடிக்குதுங்கறது இன்னொரு காரணம். கவுன்டர்ல நிக்கறவனுக்கு ரெண்டாவதுதான் வலி. கஸ்டமர் வந்து நிக்கறது எங்க முன்னாடி. "நீதானப்பா நல்ல போன்னு சொன்னே?"

வைகைக்கரை:

இதை நான் யோசிக்கல. குறை வந்தா வாங்கினவர் போவாரா இருப்பாரான்னு மட்டும் பார்த்தேன். கடைக்காரர் அந்தப் பெட்டியை மேல் தட்டுக்கு நகர்த்திட்டா, வாங்க வர்றவருக்கு அது கண்ணுலயே படாது. நோட் 7 விஷயத்துல என் கருத்து மாறல. எல்லாரும் பார்க்கற குறையை மன்னிப்பாங்க. வாரன்டிக்கு அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வர்ற குறை வேற மாதிரிங்கறதை ஒத்துக்கறேன். அந்தத் தம்பிகிட்ட நாளைக்கு இதைச் சொல்லிடறேன்.

பழுதுமேசை:

சொல்லுங்க சார். எனக்கும் நாளைக்கு ஒரு வேலை இருக்கு. எங்க தெரு டீச்சரம்மா, பொண்ணு காலேஜ் சேருது, எந்த போன் வாங்கலாம்னு கேட்க வர்றாங்க. முப்பதாயிரத்துக்குள்ள மூணு போன் பேரை எழுதி வெச்சிருக்கேன். அந்தப் பையனைக் கோட்டோட அனுப்பின கம்பெனி புது மாடல் நல்லாத்தான் விட்டிருக்கு, கேமரா அருமை, பிரிச்சுப் பார்த்தேன். அது அந்த மூணுல இல்ல.