கம்பெனிக்கு சம்மன் கொடுக்கப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

குன்னூர் ரிட்டயர்டு:
பாட்டில் கேஸ்தான். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நம் நீலகிரி மாவட்டத்தில் கூடாது என்று செக்போஸ்டிலேயே பறிக்கிறார்கள், அந்த ரிசார்ட்டில் மட்டும் அறைக்கு இரண்டு அரை லிட்டர் வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஃபைன் போட்டால் கட்டிவிட்டு மறுநாளும் வைப்பார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் கோர்ட். சம்மனோடு வந்த கான்ஸ்டபிளுக்கு வழிகாட்ட நானும் போனேன், நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன் அப்போது. கவுண்டரில் ஒரு பையன், 30 வயதுகூட இருக்காது. "கம்பெனி பெங்களூர்ல சார் இருக்கு, நான் சும்மா சம்பளத்துக்கு நிக்கறேன்" என்றான். கான்ஸ்டபிள் அவன் சட்டையையே பார்த்தார். 'மேனேஜர்' என்று பித்தளை பேட்ஜ். பையன் பதில் பேசாமல் ஊக்கைக் கழற்றி அதைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். கை நடுங்கியது. ஏப்ரல் மாதம், குளிர் என்றும் சொல்ல முடியாது.

கொடை மல்லிகா:
எங்கள் தெருவில் கழிவுநீரை ஓடையில் விட்ட ஓட்டல் விஷயமாகச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். கோர்ட் டவாலி (பெயர் கூப்பிடும் ஊழியர்) வராண்டாவில் நின்று மூன்று முறை கூப்பிட்டார், "...பிரைவேட் லிமிடெட்!" வெளியே ஒரே மூடுபனி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னிடம், "யாரும்மா அந்தப் பிரைவேட்டு, இவ்வளவு நேரமா வராம இருக்கான்?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. வாய்தா வாங்கிவிட்டுப் போனார்கள்.

கோத்தகிரி வக்கீல் குமாஸ்தா:
குன்னூர் சார், அந்தப் பையனிடம் ஏன் மல்லுக்கட்டினீர்கள்? மேனேஜர் கையில் கொடுத்தாலே சார்வு ஆனதுதான், அதாவது கம்பெனிக்கே சம்மன் கொடுத்த கணக்கு; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 63, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் பிரிவு 65. பேட்ஜைக் கழற்றினால் அவன் மேனேஜர் இல்லை என்று ஆகிவிடுமா? இல்லையென்றால் பதிவுத் தபால் அனுப்பியிருக்கலாம். முக்கியமானது பெயர். போர்டில் இருப்பது ஓட்டல் பெயர், வழக்குப் போட வேண்டியது பதிவான கம்பெனி பெயர். ஜிஎஸ்டி சான்றிதழை ரிசப்ஷனில் மாட்டியிருப்பார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகா அம்மா, கம்பெனியைக் கூண்டில் ஏற்ற முடியாது, அது ஒரு பிரதிநிதியை நியமிக்கும். அவர் வராவிட்டாலும் விசாரணை நடக்கும் என்று புதுச் சட்டத்தின் பிரிவு 342இல் இருக்கிறது. கம்பெனிக்கு ஜெயிலும் கிடையாது, அபராதம்தான். அதனால் பொறுப்பான டைரக்டரையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்க வழியுண்டா என்று முதலிலேயே பாருங்கள். என் அனுபவமா? போர்டு பெயரில் போட்டு ஒரு சம்மன் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

குன்னூர் ரிட்டயர்டு:
தம்பி, மல்லுக்கட்டியதாக நான் எங்கே எழுதினேன்? கான்ஸ்டபிள் கையெழுத்து வாங்கிவிட்டார், கம்பெனியும் அபராதம் கட்டியது. சட்டப் பிரிவு எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஆறு மாதம் கழித்து பெட்போர்டு பஸ் ஸ்டாப்பில் அந்தப் பையனைப் பார்த்தேன், வேலையை விட்டுவிட்டானாம். "சார், அந்தப் பேப்பர்ல எம்பேர் வந்துச்சா?" என்று கேட்டான். "இல்லப்பா, கம்பெனி பேர் மட்டும்தான்" என்றேன். வாங்கிக்கொண்டவர் என்று அதன் பின்பக்கம் அவன் கையெழுத்து இருந்ததைச் சொல்லவில்லை.