மறு: சுவிட்ச், ஸ்பிளிட்டர் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். டிவிக்குப் பின்னால் மாட்டும் எச்.டி.எம்.ஐ. சுவிட்ச், ஸ்பிளிட்டர் இரண்டுக்கும் நம் பட்டியலில் தமிழ்ச் சொல் தேடியபோது ஒருவர் எழுதியது இது:

> இரண்டும் ஒரே மாதிரிச் சின்னப் பெட்டிதானே. ஒரு பக்கம் பல துளை, இன்னொரு பக்கம் ஒரு துளை. 'இணைப்புப் பெட்டி' என்று பொதுவாகப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போக வேண்டாம். இந்தக் குழப்பத்துக்கு நான் மூன்று நாளையும் ஒரு நல்ல ஒயரையும் காவு கொடுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை, அதாவது படமும் ஒலியும் ஒரே ஒயரில் வரும் துளை, இரண்டே இரண்டுதான். செருக வேண்டியவையோ நான்கு: செட்டாப் பாக்ஸ், இணையப் படம் ஓட்டும் ஸ்டிக், மகனுடைய கேம் பெட்டி, யாருமே தொடாத என் பழைய ப்ளூரே பிளேயர். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் "நாலு ஒயரச் சேக்கிற சுவிட்ச் பாக்ஸ் குடுங்க" என்று கேட்டேன். கொடுத்தார்கள். நான்கையும் நான்கு துளையில் செருகி, தனியாக இருந்த ஐந்தாவதை டிவிக்குக் கொடுத்தேன். சிக்னல் இல்லை. ஒயரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், டிவியைக் கழற்றித் திருப்பி வைத்தேன். ஒயர்தான் போய்விட்டது என்று ஒன்றைக் குப்பையிலும் போட்டேன். மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து மச்சான் மகன் வந்தான். பெட்டியைக் கையில் எடுத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது ஒண்ண நாலாக்குத பெட்டி. நீங்க நால ஒண்ணாக்கப் பாக்கீய."

வாங்கி வந்தது ஸ்பிளிட்டர். கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்ட சொல்லில் திசை இல்லை, அவர் எடுத்துக் கொடுத்ததிலும் இல்லை. 'இணைப்புப் பெட்டி' என்று அகராதியில் ஏற்றினால் நாளைக்கு இன்னொருவர் இதே மூன்று நாளை இழப்பார். பழுது பார்க்கிறவன் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைச் சொல் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சுவிட்ச். ஆங்கிலத்தில் சுவரில் இருப்பதும் சுவிட்ச், கணினி வலையில் இருப்பதும் சுவிட்ச், டிவிக்குப் பின்னால் இருப்பதும் சுவிட்ச். மூன்றும் செய்யும் வேலை வேறு. சுவரில் இருப்பது மின்சாரத்தை விடும், நிறுத்தும். வலையில் இருப்பது எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டு, எந்தத் தகவல் பொட்டலம் யாருக்கு என்று பார்த்து அனுப்பும். நம் பெட்டி இரண்டும் செய்வதில்லை. நான்கு பேர் வாசலில் நின்றால் ஒருவரை உள்ளே விட்டு மற்ற மூவரை வெளியே நிறுத்தும். யாழ்ப்பாணத்து நண்பர் எழுதிய 'ஆளி' அழகான சொல், இலங்கைப் பாடநூல்களில் புழங்குவதும் தெரியும். ஆனால் அது சுவர்ச் சுவிட்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. 'நிலைமாற்றி' என்றால் எனக்கு விசிறி போடும் ஞாபகம்தான் வருகிறது.

நான் முன்வைப்பது மடைமாற்றி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சொல் இல்லை. இந்த வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறக்கிறோம். தண்ணீர் ஒன்றுதான், வழிதான் மாறுகிறது. மடையன் என்று யாராவது கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அப்புறம் ஸ்பிளிட்டர். இங்கேதான் நம் பட்டியல் தவறு செய்கிறது. 'பிரிப்பான்' என்று போட்டிருக்கிறோம். கேபிள் டிவிக்காரர் மாடிப்படியில் ஆணி அடித்து மாட்டும் சின்ன உலோகத் துண்டுக்கு அது சரியான பெயர். அது உண்மையாகவே பிரிக்கும். ஒன்றை இரண்டாக்கினால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் கொஞ்சம் குறைவான வலுதான் போகும். அதனால்தான் மூன்றாவது டிவி மாட்டியதும் முதல் டிவியில் புள்ளி விழும். எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் அப்படியில்லை. உள்ளே ஒரு சில்லு வரும் சைகையை வாங்கி, அதே முழுமையோடு நான்கு முறை திரும்ப எழுதி அனுப்புகிறது. அதனால்தான் அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுகிற மாதிரி, ஒன்று குறைந்து இன்னொன்று எரிவதில்லை. 'பிரிப்பான்' என்று படித்தவர் படம் மங்கினால் "பிரிஞ்சு போச்சு போல" என்று நினைப்பார். அந்த வழியில் தேடினால் எதுவும் கிடைக்காது.

இதற்கு எனக்கு நல்ல சொல் வரவில்லை. 'படியெடுப்பி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. யாராவது கொடுங்கள்.

மூன்றாவது, இரண்டு கருவிகள் இணைந்ததும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும் 'ஹேண்ட்ஷேக்'குக்குப் பட்டியலில் 'கைகுலுக்கல்' என்று கிடப்பது. இது இந்தக் குழுமத்திலேயே மிகச் சோம்பேறித்தனமான மொழிபெயர்ப்பு. எழுதியவன் நான்தான், அதனால் தாராளமாகத் திட்டலாம். நம் ஊரில் யார் கை குலுக்குகிறார்கள்? புதிதாக ஒருவர் வந்தால் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள" என்றுதானே கேட்கிறோம். ஒயருக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. செருகியில் இருக்கும் 19 ஊசிகளில் 18-ஆவதில், படம் அனுப்பும் பெட்டி 5 வோல்ட் அனுப்பிக் கதவைத் தட்டும். டிவி 19-ஆவது ஊசியில் "இருக்கேன்" என்று குரல் கொடுக்கும். உடனே பெட்டி, டிவியின் ஈ.டி.ஐ.டி. குறிப்பைப் படிக்கும். யார் தயாரித்தது, எந்த அளவுப் படம் காட்டும், எந்த ஒலியை வாங்கும் என்பதெல்லாம் அதில் 128 பைட் கட்டங்களாக எழுதியிருக்கும். படித்து முடித்த பிறகுதான் படம் புறப்படும்.

இதற்கு அறிமுகம் போதும். புதுச் சொல் கூட வேண்டாம்.

ஆனால் அதோடு முடியவில்லை. படத்துக்கு, நகலெடுக்க விடாத காப்புப் பூட்டு இருந்தால் எச்.டி.சி.பி. என்ற இரண்டாவது சோதனை நடக்கும். "நீ யார் என்று சொன்னாய், சரி. சாவி வைத்திருக்கிறாயா?" என்கிற கேள்வி அது. ஆங்கிலக்காரர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே கைகுலுக்கல் என்று விட்டுவிட்டார்கள். நாம் பிரிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் கெடும் விதம் வேறு. அறிமுகம் கெட்டால் படமே வராது, அல்லது 4கே டிவியில் மங்கலான சின்ன அளவில் வரும். சாவி கெட்டால் பல நேரம் மெனு பளிச்சென்று தெரியும், படத்தைத் தொட்டதும் இருட்டாகிவிடும். என் வீட்டில் சரியான சுவிட்ச் வாங்கிய பிறகும் ஸ்டிக் மட்டும் இப்படி அடம் பிடித்தது. ஒயர் ஒயர் என்று அலைந்தேன். கடைசியில் பார்த்தால், 4கே படம் கேட்பது எச்.டி.சி.பி. 2.2 சாவி, மலிவுப் பெட்டியிடம் இருந்தது பழைய 1.4. சங்கிலியில் ஒரு கண்ணி பழையதாக இருந்தால் போதும், டிவியும் ஸ்டிக்கும் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. இதற்கு சாவிச்சோதனை என்று சொல்லலாமா?

கடைசியாக ஒன்று. நீள ஒயரில் 4கே ஓட்டினால் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மின்னுமே, அதற்குப் பட்டியலில் 'ஒளிர்துகள் பிழை' என்று இருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு "பொறி பறக்கு, சார்" என்றார். பொறி என்றே வைத்துவிடுவோம். அது எப்போது பறக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் 1080பி (ஃபுல் எச்.டி.) படத்துக்கு விநாடிக்கு 4.46 கிகாபிட் போதும், அதே வேகத்தில் 4கே என்றால் 17.82 கிகாபிட். நான்கு மடங்கு. மாடிக்குக் குழாய் வழியே இழுத்த 12 மீட்டர் செம்பு ஒயர் முதலாவதைத் தாங்கியது, இரண்டாவதைத் தாங்கவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் செருகிக் காலத்தில் ஒயர் நீளமானால் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இப்போது அப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை. நன்றாக ஓடும், பொறி பறக்கும், அப்புறம் இருட்டு. பொறி பறந்தால் மட்டும்தான் முதலில் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும்.

திட்டு, திருத்தம் இரண்டும் வரவேற்கப்படும்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

தம்பிக்கு,

மற்றதெல்லாம் இருக்கட்டும். மடைமாற்றி தப்பு.

> தண்ணீர் ஒன்றுதான், வழிதான் மாறுகிறது.

நீங்களே எழுதிவிட்டீர்கள், நீங்களே கவனிக்கவில்லை. மடை மாற்றுவது ஒரு வாய்க்கால் தண்ணீரைப் பல வயலுக்கு. உங்கள் பெட்டி பல வாய்க்காலை ஒரு வயலுக்கு விடுகிறது. திசை தலைகீழ். திசை தெரியாமல் மூன்று நாள் போச்சு என்று புலம்பிவிட்டு, திசை மாறிய சொல்லையே கொடுக்கிறீர்களே!

நான் சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைக்கிறவன். கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்தவன். நாலு வாய்க்கால் ஒரு குளத்துக்கு வந்தால், ஒன்றை விட்டு மூன்றை அடைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. வருவதெல்லாம் வரட்டும் என்போம்!

சுவிட்சுக்கு 'தேர்வி' போதும். நாலில் ஒன்றைத் தேர்கிறது. கணினி, செயலி, உலாவி மாதிரி இகரத்தில் முடிந்து சின்னதாக இருக்கிறது. ஸ்பிளிட்டருக்கு 'நகலி'. நகல் வடக்கிலிருந்து வந்த சொல் என்று யாராவது கொடி பிடிப்பார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று 'படி எடுக்கணும்' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அரிசிக் கடைக்கு வழி காட்டுவார்கள்.

அறிமுகம், பொறி இரண்டும் நன்று. சாவிச்சோதனையும் சரி.

கிடக்கட்டும், ஒரு சொந்தக் கேள்வி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாலுதுளைப் பெட்டி. தானாக மாறும் என்று சொல்லி வாங்கியது. பேத்தி ஸ்டிக்கில் கார்ட்டூன் போட்டால் வருகிறது. செட்டாப் பாக்ஸுக்கு ஒருமுறை போய்விட்டால் மறுபடி ஸ்டிக்குக்கு வர மாட்டேன் என்கிறது, ரிமோட்டில் செட்டாப் பாக்ஸை அணைத்த பிறகும். சில நாள் காலையில் எதுவுமே வருவதில்லை. ஒயர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

---

அண்ணாச்சி,

மடைமாற்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காலையில் உங்கள் மடலைப் படித்துவிட்டு காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு சப்பைக்கட்டு மட்டும்: சுவிட்சில் இருவழிப் பெட்டி என்று ஒன்று உண்டு. அதை இரண்டுக்கு ஒன்றாகவும் மாட்டலாம், ஒன்றுக்கு இரண்டாகவும் மாட்டலாம். ஒன்றுக்கு இரண்டாக மாட்டினாலும் ஒரு நேரத்தில் ஒரு டிவிக்குத்தான் படம் போகும். அந்த மாட்டலுக்கு என் மடை பொருந்தும். அதற்காகப் பட்டியலில் தனி வரி கேட்க மாட்டேன்.

தேர்வி, நகலி இரண்டையும் சேர்த்துவிட்டேன். விளக்கத்தில் மச்சான் மகன் சொன்னதையே போட்டிருக்கிறேன்: தேர்வி நாலை ஒன்றாக்குவது, நகலி ஒன்றை நாலாக்குவது. அந்தப் பேச்சைத்தான் எலக்ட்ரீஷியன் தம்பியும் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார், நம் சொற்களைச் சொன்னபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நகலிக்கு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டியிருந்தது. கீழே 4கே டிவி, மாடியில் பழைய 1080பி டிவி என்று இரண்டையும் ஒரே நகலியில் மாட்டினேன். கீழ் டிவியும் 1080பி-க்கு இறங்கிவிட்டது. இரண்டு பேரும் அறிமுகம் சொல்ல, நகலி இருவருக்கும் பொதுவாக முடிகிற சின்ன அளவைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பெட்டியும் இப்படிச் செய்யாது, சிலது முதல் துளையின் அறிமுகத்தை மட்டும் கேட்கும். 'கைகுலுக்கல்' என்று எழுதியிருந்த காலத்தில் இதை எனக்கே விளக்கத் தெரிந்திருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒயரை மாற்றாதீர்கள். ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் தூங்குகிறதே தவிரச் சாகவில்லை. தூக்கத்திலும் அந்த 18-ஆவது ஊசியில் 5 வோல்ட் விட்டுக்கொண்டிருக்கும். தட்டுகிற கை நிற்காததால் தேர்வி அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக் கையால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் செட்டாப் பாக்ஸைச் சுவரில் அணையுங்கள்.

காலையில் எதுவும் வராதது வேறு கதை. உங்கள் தேர்விக்குத் தனி மின்சாரம் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்காவிட்டால் அதே ஊசியில் கசியும் மின்சாரத்தில்தான் அது உயிர் வாழ்கிறது. அதில் 55 மில்லி ஆம்பியர் உறுதி, அதற்கு மேல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் 5 வோல்ட் துளை இருந்தால் பழைய போன் சார்ஜர் ஒன்றைச் செருகிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் சுவரில் அணைத்து, முதலில் டிவி, அடுத்து தேர்வி, கடைசியில் ஸ்டிக் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். அறிமுகம் புதிதாக நடக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். குப்பையில் போட்ட அந்த ஒயரை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.