போதை சிகிச்சையில் மனசை விட்டுப் போகாத ஒரு நாள், உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

கோபிப் பொண்ணு:
பதினாறு வருடமாக இதே ஆராய்ச்சிதான், குடியையும் போதையையும் பழக்கத்தை மாற்றியே நிறுத்த முடியுமா என்று. எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, திருப்பூர் பனியன் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் ஒருவர் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். பரிசு முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கெய்ன் பழக்கத்துக்குச் செய்தாரே, அதுதான். சிறுநீரில் போதை இல்லையென்றால் 2.50 டாலருக்கு வவுச்சர், தொடர்ந்து சுத்தமாக வந்தால் ஒவ்வொரு தடவையும் 1.25 கூடும், தவறினால் மறுபடி 2.50. 1994-இல் வந்த ஆய்வில் வவுச்சர் வாங்கியவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரமும் முழுசாக வந்தார்கள், வாங்காதவர்களில் 40 சதவீதம்தான். அதைப் படித்துவிட்டுத்தான் பிஹெச்டிக்குக் கோவையில் அதே முறையைக் குடிப்பழக்கத்துக்குச் செய்து பார்த்தேன். வாரம் இரண்டு நாள் மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும், 20 ரூபாயில் ஆரம்பம், பத்துப் பத்தாக ஏறும்.

இவர் ஒன்பது தடவை சுத்தமாக வந்தார். கணக்கு நோட்டில் அவர் பேரில் 540 ரூபாய் சேர்ந்திருந்தது, மகளுக்கு ஸ்கூல் பேக் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாவது தடவை பங்காளி வீட்டு எழவுக்குப் போய்விட்டு வந்திருந்தார், மெஷின் காட்டிவிட்டது. பென்சிலில் 110 என்று போட்டிருந்ததை அடித்து 20 என்று எழுதினேன். நோட்டையே பார்த்தவர், "அப்ப நா குடிக்காம இருந்த நாளெல்லாம் கணக்குல வராதுங்களா மேடம்?" என்றார்.

சேர்ந்த பணம் எங்கும் போகாது. அதைவிட முக்கியம், அடுத்து ஐந்து தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால் விட்ட இடத்துக்கே ஏற்றிவிட வேண்டும், ஹிக்கின்ஸ் முறையிலேயே அப்படி விதி உண்டு, எங்களிடமும் இருந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் "ரூல் அப்படித்தானுங்க" என்று மட்டும் சொன்னேன். சரிங்க என்று எழுந்து போனவர் அப்புறம் வரவே இல்லை.

பவானித் தறி:
அக்கா, கோவிச்சுக்காதீங்க, குடிக்காமல் இருக்கக் காசு கொடுப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை, குடிக்காத வீட்டுக்காரன் என்ன இளிச்சவாயனா? எங்கள் அப்பா ஜமுக்காளம் நெய்தவர். கவுன்சிலர் அவரிடம், குடியில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். அது வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இலிருந்து எழுதிவரும் பேச்சு முறை, ஆளை அதட்டாமல் அவர் வாயாலேயே காரணத்தை வரவைப்பது என்று பிற்பாடுதான் தெரிந்தது. கதவு திறந்தே இருந்தது. குழித்தறியில் இறங்கினால் மத்தியானத்துக்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப் போகுது, ராத்திரி அது ஒண்ணுதான் காலைத் திருப்பிக் கொடுக்குது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

அவிநாசி ரோடு:
பவானி அம்மிணி, கம்பெனியில் லீவு போடாமல் வந்தால் போனஸ் தருகிறார்கள், அது லஞ்சமா? என் சண்டை சோதனையோடுதான். மச்சான் கஞ்சாவை விட்டுப் பன்னிரண்டு நாள், நானே கூடப் படுத்து எழுந்தேன், தெரியும். சிறுநீர் சோதனைக் கப்பில் பாசிட்டிவ். தினமும் இழுத்தவனுக்குக் கொழுப்பில் தங்கி, விட்ட பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் வரும் என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. மாமா எல்லார் முன்னாடியும் செருப்பைக் கழற்றினார். மச்சான் தடுக்கக்கூட இல்லை, என்னைப் பார்த்தான். நானும் அந்தக் கப்பைத்தான் நம்பினேன்.

காங்கேயம் பெருசு:
என் தம்பி குடியைத் திடீரென்று நிறுத்தி மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊருது என்று கத்தினான், எறும்பே இல்லை. யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வருடக்கணக்கில் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தாதீர்கள். முதல் நாளே கை நடுங்கும், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் படுக்க வைத்து, தயமின் என்ற வைட்டமின் பி1 போட்டுத்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்று, நம் பக்கத்தில் பல வீட்டில் செய்கிறார்கள், குடியை விட வைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். ஆளுக்குச் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், இலவசம். அப்புறம் கோபி அம்மிணி, ஒரு நாள் சறுக்கினதும் பழையபடி விழுந்ததும் ஒன்றில்லை என்று உளவியலாளர் ஆலன் மார்லட் எழுதினதை நீங்கள் படிக்காமலா இருப்பீர்கள்?

கோபிப் பொண்ணு:
படித்திருந்தேனுங்க ஐயா. அன்றைக்கு வாயில் வரவில்லை. இப்போதெல்லாம் அந்த ஐந்து தடவை விதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, சேர்கிற அன்றே வாசித்துக் காட்டுகிறோம்.

பவானித் தறி:
காசு விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் அந்த 540 அவருடையதுதானே அக்கா? கொடுத்தீர்களா?

கோபிப் பொண்ணு:
இல்லை. கம்பெனியில் கேட்டபோது வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள், அதோடு நானும் விட்டுவிட்டேன். ஊர் ஊத்துக்குளிப் பக்கம் என்று நோட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.