ஸ்லீப்பிங் பேக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

நாகர்கோவில், பள்ளி ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் டிசம்பர் இறுதியில் மணாலிப் பக்கம் மலையேற்ற முகாமுக்குச் செல்கிறார்கள். கடற்காற்றிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும், குளிர் என்றால் மேல்கோதையாற்றுப் பனியைத் தாண்டி அறியாத பெற்றோருக்கும் என்னென்ன வாங்க வேண்டும் என்று விளக்கும் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சுழியத்துக்குக் கீழே போகும் இரவில் கூடாரத்துக்குள் படுப்பதற்கான ஸ்லீப்பிங் பேக்கைத் 'தூக்கப்பை' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை எல்லா இடத்திலும் 'தூக்குப்பை' என்று திருத்திவிட்டார். அப்படியே அச்சேறினால் கடைக்காரர் காய்கறிப் பையைத்தான் எடுத்து நீட்டுவார். தக்க சொல் ஒன்றைக் கூறி உதவுங்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'துயிலுறை' என்பதே பொருத்தம். பைக்குள் பொருளைப் போடுகிறோம். உறையோ உள்ளிருப்பதை ஒட்டியே அமைகிறது. குளிருக்கு ஏற்றது தோள்பக்கம் அகன்று காலடியில் குறுகி, தலையையும் மூடும் வடிவமே என்பதைத் தாங்கள் எழுதத்தான் போகிறீர்கள். உள்ளே வெற்றிடம் குறையக் குறைய, உடல் சூடேற்ற வேண்டிய காற்றும் குறைகிறதல்லவா? இந்த நெருக்கத்தைப் 'பை' சொல்லாது, 'உறை' சொல்லும். மேலும் உறங்கு, உறை, உறவு ஆகிய யாவும் 'உறு' என்னும் அடியிற் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. ஒன்றோடொன்று பொருந்தியிருத்தலே அவற்றின் வேர்ப்பொருள் என்று கொண்டால், உறங்குவதற்குரிய உறை என்பது ஒரே வேரின் இரு கிளைகள் மீண்டும் பின்னிக்கொள்வது போன்றது.

குளச்சல், நூலகப் பணியாளர்:

ஐயாவின் வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு வணக்கம். ஆனால் துயிலுறை என்று எங்கள் வீட்டில் சொன்னால் தலையணைக்கு உறை வாங்கி வருவார்கள். அதைவிடப் பெரிய இடர், 'உறைதல்' என்பதற்குக் குளிரில் கட்டியாதல் என்ற பொருளும் உண்டு என்பது. உறையாமல் காப்பதற்காகவே வாங்கும் பொருளுக்கு அப்பெயர் வைக்க வேண்டுமா? நம் மாவட்டத்தில் பிள்ளைகள் 'உறக்கம் வருது' என்றுதானே சொல்கிறார்கள்? 'உறக்கப்பை' என்று வைத்தால் தூக்கு என்ற குழப்பமும் இல்லை, விளக்கமும் தேவையில்லை.

திருவட்டாறு, கல்லூரி மாணவர்:

'துயில்' வழக்கொழிந்த சொல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் எங்கள் ஊரில் 'அறிதுயில்' என்ற சொல் பாட்டிமாருக்கும் தெரியும். நான் முன்வைப்பது 'துயில்பை'. இதை வேற்றுமைத் தொகையாக்கித் 'துயிற்பை' என்று புணர்த்த வேண்டியதில்லை. துயில்கின்ற பை என்று வினைத்தொகையாகவே கொள்ளலாம். துயில்வது பையா என்று கேட்பவர்கள் 'ஆடரங்கு' என்பதில் ஆடுவது அரங்கா என்று எண்ணிப் பார்க்கட்டும். வினை நிகழும் இடத்தையும் பெயரெச்சம் கொள்ளும் என்பது இலக்கணம் ஒப்பியதே.

மார்த்தாண்டம், மலையேற்றப் பயிற்சியாளர்:

பெயர் எதுவானாலும், உள்ளே இருப்பதற்கும் சொல் வேண்டும் என்பதை மறந்துவிட்டீர்கள். எடை குறைந்து சூடு மிகுந்தது வேண்டுமென்றால், வாத்து அல்லது பெருவாத்தின் நெஞ்சுப்புறத்து மென்மயிர் அடைத்ததைத்தான் வாங்க வேண்டும். அதை 'இறகு' என்று எழுதினால் தண்டுள்ள இறகு என்று ஆகிவிடும். தண்டு மிகுந்த மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு. நனைந்தால் இந்த மென்மயிர் திரண்டு கட்டியாகிச் சூட்டை இழக்கும். செயற்கை இழை அடைத்தது ஈரத்திலும் ஓரளவு காக்கும், விலையும் குறைவு. ஆனால் அதே சூட்டுக்கு எடை கூடும், முதுகுப்பையில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். 'வெப்பப்பை' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது தானாக வெப்பம் தருவதில்லை. உடல் வெளியிடும் வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது, அவ்வளவே.

தக்கலை:

அந்த மென்மயிருக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். 'துணைபுணர் அன்னத் தூநிறத் தூவி' என்று நெடுநல்வாடையில் அரசியின் அணைக்குள் அடைத்திருப்பது அதுவேதான்: தூவி. அதுவும் வாடை வீசும் கூதிர்காலத்துப் பாட்டு! அரண்மனையில் அவளுக்குத் தூவியணை. அரசனோ நள்ளிரவிலும் பாசறையில் துயிலாமல், புண்பட்ட வீரரைக் கண்டு திரிகிறான். முகாமில் இருப்பவனுக்குத் தூவி கிடைக்கவில்லை என்பதை நக்கீரர் அன்றே கண்டிருக்கிறார்.

மார்த்தாண்டம்:

தூவி அருமை, எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது, அது எவ்வளவு பொங்கி நிற்கிறது என்று காட்டும் எண். 800 என்று போட்டிருந்தால் ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் தூவி 800 கன அங்குலம் இடத்தை நிரப்பும் என்று பொருள். எண் கூடினால் குறைந்த எடையில் அதே சூடு. இதற்கு 'உப்புத்திறன்' சரிவருமா?

குளச்சல்:

புத்தளம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் உப்புத்திறன் என்றால் என்ன நினைப்பார்கள், அண்ணாச்சி? 'பொங்குதிறன்' என்று வையுங்கள், வினைத்தொகைக்காரரும் மகிழ்வார்.

நாகர்கோவில்:

பொங்குதிறனுக்கு மறுப்பு வராததே பெரிய செய்தி. எனக்கு உண்மையில் தலைவலியாக இருப்பது வெப்பநிலைக் குறிப்புகள். ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி மூன்று அளவுகள் உள்ளன: சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பநிலை, சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய வெப்பநிலை, உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையும் வாய்ப்பு இருந்தும் உயிர் தப்பக்கூடிய வெப்பநிலை. விளம்பரத்தில் மூன்றாவதைப் பெரிதாகப் போட்டுவிட்டால் பெற்றோர் ஏமாந்துபோவார்கள். 'இத அளவு', 'தாங்கும் எல்லை', 'உயிர் எல்லை' என்று எழுதி, இத அளவைப் பார்த்தே வாங்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன்.

தக்கலை:

'இதம்' வடமொழி. 'நல அளவு' எனலாம்.

மார்த்தாண்டம்:

நல அளவு என்றால் மருத்துவமனைச் சீட்டுப்போல் இருக்கிறது, ஐயா. மைனஸ் ஐந்தில் நடுங்கும் பையனுக்கு இதம் என்றால் உடனே புரியும். தூய்மை பார்க்கிற இடம் இதுவல்ல என்பது என் பணிவான கருத்து.

தக்கலை:

புரியவில்லை என்பதற்காகவே விட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சொல்லும் புரியாமலேதான் போகும். தூவி நேற்றுவரை உங்களுக்குப் புரிந்ததா?

நாகர்கோவில்:

ஐயாவின் கேள்வி நியாயமானதே; ஆயினும் நாளை மாலைக்குள் கோப்பு போயாக வேண்டும். உறக்கப்பைக்கு நால்வர், துயில்பைக்கு இருவர், துயிலுறைக்கு ஒருவர் என்ற நிலையில் உறக்கப்பை என்றே அச்சிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பை' என்று இருக்கும், கடையில் கேட்க அது வேண்டும். தூவியும் பொங்குதிறனும் அப்படியே போகின்றன. இத அளவும் நிற்கிறது.

தக்கலை:

பெரும்பான்மைக்கு உட்படுகிறேன், உடன்படவில்லை. என் கட்டுரைகளில் துயிலுறை என்றே எழுதுவேன்.

மார்த்தாண்டம்:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று சேர்த்துவிடுங்கள், அம்மா. உடல் எடையில் அமுங்கும் அடிப்பக்கத் தூவி பொங்கி நிற்காது. எனவே தரைக்குளிரைத் தடுக்க அடியில் காப்பு விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டுக் கோரைப்பாய் போதாது. அதற்கு என்ன சொல் வைப்பது என்று இப்போது தொடங்காதீர்கள். 'விரிப்பு' என்றே எழுதுங்கள்.

திருவட்டாறு:

'பாயல்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே?