கிரவுன் ஈதர் பொட்டாசியத்தைக் கடத்தவில்லை: எங்கே தவறு?

கேள்வி (தர்மபுரி, எம்.எஸ்சி. வேதியியல்): யு-குழாயில் குளோரோஃபார்ம், அதில் 18-கிரவுன்-6 (உலோக அயனியைக் குழியில் பிடிக்கும் வளைய மூலக்கூறு, ஒரு கிரவுன் ஈதர்). ஒருபுறம் பொட்டாசியம் குளோரைடு, மறுபுறம் காய்ச்சி வடித்த நீர். ஒரு நாளாகியும் மறுபுறம் பொட்டாசியம் வரவில்லை. வளையத்தின் குழி 2.6–3.2 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் அயனியின் விட்டம் 2.66. பொருந்தத்தானே வேண்டும்?

பதில் 1: குழி பொருந்துகிறது, எதிரயனிதான் (பொட்டாசியத்துடன் சேர்ந்து வரும் எதிர்மின் அயனி) தடை. நீரை விட்டு குளோரோஃபார்முக்குள் வர குளோரைடுக்கு மனமில்லை. குளோரைடை விட்டு பிக்ரேட்டுக்கு (பிக்ரிக் அமிலத்தின் அயனி) மாற்றுங்கள், 1 மில்லிமோலார் போதும். 355 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் அளப்பதும் எளிது. ஆனால் உலர்ந்த பொட்டாசியம் பிக்ரேட் வெடிக்கும்! ஈரமான பிக்ரிக் அமிலத்தைக் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, கரைசலாகவே பயன்படுத்துங்கள்.

பதில் 2: இன்னொன்று, 18-கிரவுன்-6 நீரிலும் கரைந்து கசியும். டைபென்சோ-18-கிரவுன்-6 கரிம அடுக்கிலேயே தங்கும். 1967-இல் கிரவுன் ஈதர்களைக் கண்டறிந்த வேதியியலாளர் பெடர்சன் அறிவித்தது இதைத்தான். அயனியைக் கூண்டுபோல் சூழும் கிரிப்டாண்டுக்குத் தாவாதீர்கள் தம்பி. இறுகப் பிடிப்பது மறுபுறம் விடாது. கடத்தலுக்கு நடுத்தரப் பிணைப்பே நல்லது.

பதில் 3 (கிருஷ்ணகிரி): மெதுவாகக் கலக்குங்கள், அடுக்குகள் கலங்கினால் எல்லாம் பொய்க்கணக்கு. கடத்தி (கிரவுன் ஈதர்) இல்லாத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதில் சோடியமும் கால்சியமும் உண்டு.